மிச்சத்தை எண்ணியவர்

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒருநாள் கண்ணாடி டம்ளர் ஒன்று விழுந்து உடைந்தது. என் மனைவி பெருக்கி, முறத்தில் அள்ளி, பழைய செய்தித்தாளில் கொட்டி மடிக்கப் போனார். மாடியில் குடியிருந்த கல்லூரி ஆசிரியை அப்போது வெளிக்கேட்டின் சாவி வாங்குவதற்காக வாசலில் நின்றிருந்தார். "மடிக்காதீங்கக்கா, ஒரு நிமிசம்" என்று உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். சில்லுகளை ஒன்றோடொன்று பொருத்தித் தாளின் மேல் வைக்கத் தொடங்கினார். கால் மணி நேரம் ஆயிற்று. அடிப்பாகம் சேர்ந்துவிட்டது. விளிம்பு வட்டத்தில் மட்டும் ஒரு விரல்நக அளவுக்கு இடைவெளி இருந்தது.

"விடுங்க மேடம், நல்லாப் பெருக்கிட்டேன்" என்றார் என் மனைவி.

"பெருக்கினது தெரியுதுக்கா. எல்லாம் வந்துருச்சான்னுதான் தெரியல."

கைபேசி விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்து, ஃப்ரிட்ஜுக்கு அடியிலிருந்து அந்தச் சில்லை எடுத்தார். வட்டம் மூடிய பிறகுதான் மடிக்கச் சொன்னார். கண்டுபிடித்த சந்தோஷம் அவர் முகத்தில் இல்லை. சாவியை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

அவர் பெயரை ஒருமுறை அச்சில் போட்டேன். இரண்டாவது முறை போடுகிற உரிமை எனக்கு இல்லை. ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அப்போது நாற்பது வயதை ஒட்டி இருந்தார். புதுக்கோட்டைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் இயற்பியல் பாடம் நடத்தினார். ஒல்லியான உடம்பு. கைக்கடிகாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உட்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். பேசும்போது வலது கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் மெல்ல அழுத்திக்கொண்டே இருக்கும். பதற்றம் என்று முதலில் நினைத்தேன். அது எண்ணுகிற பழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது.

நான் அப்போது ஒரு நாளிதழின் மாவட்ட நிருபர். எங்கள் தொழிலிலும் எண்ணிக்கை உண்டு. இத்தனை பேர் கைது, இத்தனை பேர் விடுதலை. ஆனால் எங்கள் எண்ணிக்கை முதல் பத்தியோடு முடிந்துவிடும். இந்த வித்தியாசத்தை ஜெகதாப்பட்டினத்தில் பார்த்தேன்.

அவருடைய மாணவி ஒருத்தியின் அப்பா கடலில் பிடிபட்டுச் சில வாரங்கள் அக்கரையில் சிறையிலிருந்தார். விடுதலையாகி ஊர் வந்த அன்று செய்தி எடுக்கப் போன என்னோடு மேடமும் வண்டியில் ஏறிக்கொண்டார். துறைமுகத்தில் பெண்கள் அழுதார்கள், சிரித்தார்கள். மாணவியின் அப்பாவுக்கு யாரோ சோடா உடைத்துக் கொடுத்தார்கள். நான் குறிப்பு எடுத்து முடித்துக் கிளம்பத் தயாரானேன். அவர் நகரவில்லை. போன அத்தனை பேரும் வந்தாச்சா என்று அந்த மனிதரிடம் கேட்டார்.

"ஆளுக வந்துட்டோம் மேடம். போட்டுதான் வரல" என்றார் அவர். சொல்லிவிட்டுச் சோடாவைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

மறுநாள் காலை மாடிப்படியில் இறங்கும்போது மேடம் என்னை நிறுத்தினார். 'அனைவரும் வீடு திரும்பினர்' என்று செய்தியை முடித்திருந்தேன். பொய் இல்லை. ஆனால் படகு இல்லாமல் அந்த வீட்டுக்கு அவர் எதை வைத்துத் திரும்பினார் என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அடுத்த தடவை அதையும் போடுகிறேன் என்று சொன்னேன். "அடுத்த தடவை இவரு வரமாட்டாருல்ல சார்" என்றார்.

ஏன் இப்படி எதையும் விடாமல் எண்ணுகிறீர்கள், சின்ன வயதில் ஏதாவது நடந்ததா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். நிருபர் புத்தி. "எல்லாத்துக்கும் ஒரு காரணம் கெடச்சாத்தான் ஒங்களுக்குத் தூக்கம் வருமா?" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

அவருடைய ஆய்வகத்துக்கு என்னை அவராக அழைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில்தான் அது தொடங்கியது. கடைக்காரர் என்னிடம் புலம்பினார். உங்கள் மாடி வீட்டு மேடம் வாராவாரம் கறி வாங்காமல் ஆட்டு ரத்தம் மட்டும் வாங்குகிறார், அதுவும் ஏதோ மருந்து ஊற்றிய பாட்டிலில் பிடித்துத் தரச் சொல்கிறார், பொரியலுக்கா என்று கேட்டால் குழாய்க்கு என்கிறார், என்ன குழாய் சார் அது?

அந்தக் குழாயைப் பார்க்கத்தான் போனேன். கல்லூரியின் பின்கட்டில் ஒரு சிறிய அறை. மேசை மேல் செம்புக் கம்பி சுற்றிய காயில்கள் மூன்று ஜோடி, ஒரு பெட்டியின் ஆறு பக்கங்களைப் போல எதிரெதிராக நின்றன. நடுவில் தையல் நூல் அளவுக்குச் சன்னமான கண்ணாடிக் குழாய். மேலே நுண்ணோக்கி, அது பார்ப்பதைக் காட்டும் திரை. திரையில் தண்ணீருக்குள் கறுப்புப் பொடி கலங்கிக் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய இரும்புத் துகள்கள் என்றார். அவர் மின்சாரத்தைக் கொடுத்ததும் பொடி ஒன்றுகூடியது. துகள் துகளைப் பிடித்துச் சங்கிலியானது. சங்கிலிகள் சேர்ந்து ஒரு திரளாகிச் சுழன்றபடியே நகரத் தொடங்கின. குழாய் குறுகிய இடத்தில் திரள் நீண்டு கயிறு போலாகி நுழைந்தது. அந்தப் பக்கம் போனதும் மறுபடியும் உருண்டு திரண்டது. தலைவன் இல்லை, கட்டளை இல்லை. சுற்றியுள்ள காந்தப் புலம் திரும்பத் திரும்ப அதுவும் திரும்பியது.

எறும்புக் கூட்டம் மாதிரி இருக்கிறதே என்றேன்.

"எறும்புக்கு எங்க போறோம்னு தெரியும் சார். இதுக்குத் தெரியாது. தனியா ஒண்ணு ஒண்ணுத்துக்கும் ஆகாது. கூடினா இழுக்கும், சுமக்கும், கலக்கும். அவ்வளவுதான். பெருசா எழுதிறாதீங்க."

குழாயின் மறுமுனையில் ஆட்டு ரத்தத்தை உறையவைத்து ஒரு கட்டி உண்டாக்கியிருந்தார். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை அங்கே ஊற்றினால் ஓட்டமில்லாத இடத்தில் அது மேலோடு தங்கிவிடுமாம். திரள் போய்க் கட்டியின் ஓரத்தில் நின்று சுழன்றால் மருந்து உள்ளே இறங்கும். நான் பார்க்கப் பார்க்கக் கட்டியின் விளிம்பு வெளுத்தது, மெலிந்தது, ஒரு பக்கம் பிய்ந்து ஒழுகியது. அரை மணி நேரத்துக்கு மேல் நின்றபடியே பார்த்தேன். பக்கவாதத்தில் விழுந்த என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால், மேடம் திரையைப் பார்க்கவே இல்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

கட்டி கரைந்த பிறகு புலத்தைத் திருப்பினார். திரள் வந்த வழியே ஊர்ந்து வந்து குழாயின் வாயில் கூடியது. அதை ஒரு காந்தத்தால் எடுத்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து கட்டைவிரலால் அழுத்தினால் எண் ஏறும் சின்னக் கருவியை எடுத்தார். குழாயை நுண்ணோக்கியின் கீழே இம்மி இம்மியாக நகர்த்தத் தொடங்கினார். டிக். டிக். சுவரில் ஒட்டிய ஒரு புள்ளி. வளைவில் தங்கிய இரண்டு.

"இப்பத்தான் சார் வேலை ஆரம்பிக்குது."

"என்ன எண்ணுறீங்க?"

"மிச்சம். திரும்பாதது. இது குழாய், எண்ணிரலாம். ஆளா இருந்தா இது எங்கிட்டுப் போவும்? நுரையீரலுக்கா, மூளைக்கா? யாருக்கும் தெரியாது. போறத யாரு வேணாலும் காட்டிருவாங்க சார். வரணும்."

அந்த ஆறு காயில்களையும் கட்டியவர் கீரமங்கலம் சின்னத்துரை. ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். பக்கத்து ஊர்களில் மோட்டார் புகைந்தால் அவரிடம்தான் வரும். எந்தக் கம்பெனிக் காயிலும் சரியாக அமையாமல் மேடம் அவரிடம் போயிருக்கிறார். வேலையைக் கொடுத்து நான்கு நாள் கழித்துச் சின்னத்துரை போன் செய்தாராம்: "மேடம், மூணாவதுல ஒரு சுத்துக் கூட விழுந்துருச்சு. பிரிச்சிட்டு மறுபடி கட்டுறேன், ரெண்டு நாள் பொறுங்க." ஒரு சுற்று கூடினால் அளவில் தெரியவே தெரியாது என்று என்னிடம் சொன்னார் மேடம். தெரியாத ஒன்றைப் பிரித்துக் கட்டிய மனிதர் மேல் அவருக்கு அதன் பிறகு தனி மரியாதை. அவரைப் பற்றிப் பேசும்போது கட்டைவிரல் ஓய்ந்திருக்கும்.

நான் செய்தி எழுதினேன். ஒன்பது பத்திகள். அச்சுக்குப் போகும் முன்பு யாருக்கும் படித்துக் காட்டுவதில்லை என்பது எங்கள் வழக்கம். அவர் கேட்டதால் காட்டினேன். சின்னத்துரையைப் பற்றி ஒரு பத்தி இருந்ததில் அவருக்குத் திருப்தி. கடைசிப் பத்தியை அவரே வார்த்தை வார்த்தையாகச் சொல்லி எழுதவைத்தார். 'இது இதுவரை கண்ணாடிக் குழாயில் மட்டுமே சோதிக்கப்பட்டது. மனித உடலுக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம், வராமலும் போகலாம். இதை நம்பி எந்தச் சிகிச்சையையும் யாரும் தள்ளிப்போட வேண்டாம்.' இதை முதலில் போட முடியாதா என்று கேட்டார். எச்சரிக்கையெல்லாம் கடைசியில்தான் வரும், அதுதான் முறை என்று விளக்கினேன்.

பக்கத்தில் இடம் போதாவிட்டால் அடியிலிருந்து வெட்டுவதும் முறைதான். முக்கியமானதை மேலே போட்டு எழுதப் பழகுவதே அதற்காகத்தான். அன்று மாலை கடைசி நேரத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி விளம்பரம் வந்திருக்கிறது. செய்திகளைப் பக்கத்தில் வைக்கும் டெஸ்க்கில் ஒன்பதாவது பத்தியை எடுத்துவிட்டு, 'ரத்தக்கட்டியைக் கரைக்கும் குட்டி ரோபோ படை' என்று நான்கு காலம் அகலத்துக்குத் தலைப்பு வைத்தார்கள்.

காலை ஆறு மணிக்கு மேடம் கதவைத் தட்டினார். கையில் பேப்பர். படை என்ற சொல்லைப் பற்றியோ தன் படம் இருட்டாக விழுந்ததைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை.

"ஒம்போது அனுப்புனீங்க. எட்டுதான் வந்திருக்கு."

நடந்ததைச் சொன்னேன். திருத்தம் போடச் சொல்ல முடியுமா என்று கேட்டார். சொல்கிறேன் என்றேன்.

சொல்லவில்லை. ஏன் என்பதை இத்தனை வருடத்தில் பல விதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மை சின்னது. அன்று காலை பத்து மணிக்கு எங்கள் ஆசிரியர் என்னை அழைத்து, மாவட்டச் செய்திகளில் இப்படியொன்று வந்து எத்தனை நாளாயிற்று என்று பாராட்டினார். பாராட்டு வாங்கிய வாயால் உடனே திருத்தம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று வைத்தேன். மறுநாள் மாடிப்படியில் அவர் "ஆபீஸ்ல சொன்னீங்களா சார்?" என்று கேட்டபோது "சொல்லிட்டேன்" என்றுவிட்டேன். அதன் பிறகு கேட்பதற்கு வழியில்லாமல் போயிற்று.

திருத்தம் வரவில்லை. அவர் வேறொன்று செய்தார். ஒன்பதாவது பத்தியைத் தானே தட்டச்சு செய்து, துண்டு துண்டாக வெட்டி, அந்தச் செய்தி ஒட்டியிருந்த இடங்களையெல்லாம் தேடிப் போய்க் கீழே ஒட்டினார். கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். அவர் ஊர்ப் பங்குச் சாமியாரின் அறையில் ஒட்டினார். கறிக்கடைக்காரர் பெருமையாகச் சுவரில் குத்தி வைத்திருந்த தாளிலும் ஒட்டிவிட்டு வந்தார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. என் மனைவி, அந்தப் பொண்ணுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று கவலைப்பட்டார்.

செய்தி வந்த பன்னிரண்டாம் நாள் அவர் என்னைக் கீரமங்கலத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னார். சின்னத்துரை அந்தச் செய்தியை லேமினேஷன் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறாராம், அதிலும் ஒட்ட வேண்டும் என்றார். கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடையில் கேட்டோம். பத்து நாளாகத் திறக்கவில்லை, காலில் ஏதோ புண் என்றார்கள். கடைக்குப் பின்னாலேயே வீடு.

வாசலிலேயே வாடை தெரிந்தது. சின்னத்துரை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது காலைத் துண்டால் சுற்றித் தலையணை மேல் வைத்திருந்தார். அவர் மனைவி பஞ்சவர்ணம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சின்னத்துரையின் முகம் மலர்ந்தது. எங்களைத் தாண்டி, வாசலில் நின்ற காரை எட்டிப் பார்த்தார்.

"வாங்க மேடம், வாங்க சார். நானே வாரணும்னுதான் இருந்தேன். அந்தப் பொட்டியக் கொண்டாந்திருக்கீங்களா?"

மேடம் துண்டை விலக்கினார். மூன்று விரல்கள் கரியாக இருந்தன. கறுப்பு பாதத்தின் பாதி வரை ஏறியிருந்தது. அதற்கு மேல் கணுக்கால் வரை சிவந்து வீங்கியிருந்தது.

நடந்ததைப் பஞ்சவர்ணம் சொன்னார். சின்னத்துரைக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை, கூடவே பீடி. காலுக்கு வரும் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது. விரல்களை எடுத்துவிட்டு அடைப்பை நீக்கப் பார்க்கலாம், தள்ளிப்போட்டால் காலே போய்விடும் என்று தஞ்சாவூரில் டாக்டர் நாள் குறித்துக் கொடுத்திருந்தார். அந்த நாளுக்கு முந்தைய நாள் காலையில்தான் பேப்பர் வந்தது. இவர் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"அது உடம்புக்கு இல்லண்ணே. குழாய்க்கு மட்டுந்தான்" என்றார் மேடம்.

"தெரியும் மேடம். குழாய் சன்னம், தொடை பெருசு. அதுக்குத்தான்..." என்று மனைவியிடம் சைகை காட்டினார். பஞ்சவர்ணம் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்தார். உள்ளே இரண்டு காயில்கள். ஒவ்வொன்றும் முறத்து அகலம். தடித்த செம்புக் கம்பி, சுற்றுக்குச் சுற்று பிசகாமல் படிந்து, வார்னிஷ் பூசி, நாடா கட்டி, பளபளவென்று இருந்தது. கட்டிலில் உட்கார்ந்தபடியே பத்து நாளில் கட்டியிருக்கிறார்.

"கம்பியத் தடிப்பாக்கி, சுத்தக் கூட்டிட்டேன். பத்து எச்பி மோட்டாரு கட்டுறவனுக்கு இது என்ன மேடம்? ரெண்டு பக்கமும் வச்சா தொடை வரைக்கும் பத்தும். ஒங்களுது நான் கட்டுன காயிலு. ஓடுறது எனக்குத் தெரியாதா?"

மோட்டார் கட்டுபவரின் கணக்கில் அதில் ஒரு தவறும் இல்லை. சின்ன மோட்டார் ஓடினால் பெரிய மோட்டாரும் ஓடும். அளவைக் கூட்டினால் போதும். அவருக்கு முன்னால் மேடம் முழங்காலிட்டு உட்கார்ந்து தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். வெறும் குழாய், அதில் அங்கங்கே கறுப்புப் புள்ளிகள். இதெல்லாம் திரும்பி வராதது, இது ஆளைக் கொல்லும் என்று சொன்னார்.

சின்னத்துரை உற்றுப் பார்த்தார். "கொஞ்சந்தானே மேடம், கெடந்துட்டுப் போவுது. நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன். ஒங்களுக்கு ஒண்ணும் வராது."

மேடம் பையிலிருந்து அந்தத் துண்டுத்தாளை எடுத்தார். படிக்கவில்லை. சிறிது நேரம் கையில் வைத்திருந்துவிட்டு மடித்து உள்ளே போட்டார். பிறகு எழுந்து நின்று, நான் அதுவரை கேட்டிராத குரலில் பேசினார்.

"நான் செய்ய மாட்டேன். இன்னைக்கும் மாட்டேன், என்னைக்கும் மாட்டேன். ஒங்களுக்கு அது இல்ல. எந்திரிங்க, தஞ்சாவூர் போவோம்."

சின்னத்துரையின் முகம் அணைந்தது. நானும் பக்கத்துக் கடைக்காரரும் தூக்கிக் காரில் வைத்தோம். மேடம் முன்சீட்டில் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். பேராவூரணி தாண்டியபோது, சாலையைப் பார்த்தபடியே, தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டார்.

"திருத்தம் போடச் சொன்னீங்கதானே சார்?"

"சொன்னேன்."

அன்று மாலையே தொடைக்குக் கீழே எடுத்தார்கள். நஞ்சு ஏற்கெனவே ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. நான்காம் நாள் சின்னத்துரை இறந்துபோனார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு இருவரும் போனோம். பந்தலில் பஞ்சவர்ணம் என்னைப் பார்த்து அழுதார். கடை பேர் வந்த பேப்பர் என்று ஓர் எழுத்து விடாமல் தினமும் ஒருதடவை படிப்பார் சார் என்றார். எங்கள் வாசகர்களில் பாதிப்பேர் தலைப்போடு நிறுத்திக்கொள்பவர்கள். சின்னத்துரை கடைசி வரி வரை படிக்கிறவர். அந்தச் செய்தியில் கடைசி வரி எட்டாவது பத்தியில் இருந்தது.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது மேடம் மூன்றாவது முறையாகக் கேட்டார். இந்தமுறை என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். நானும் அவர் முகத்தைப் பார்த்தபடியே, "சொன்னேன்" என்றேன். அவர் தலையாட்டினார்.

அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் கல்லூரியிலிருந்து விலகி, வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார். போகும்போது மாடி வீட்டில் ஒரு ஊசிகூட விட்டுவைக்கவில்லை. சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளைச் சுண்ணாம்பு வைத்து அடைத்திருந்தார். என் மனைவியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார். நான் செய்திக்குப் போயிருந்தேன்.

சென்ற ஆண்டு நான் ஓய்வு பெற்றேன். அலுவலகத்தில் கொடுத்த தேநீர் விருந்தில், அந்த நாட்களில் டெஸ்க்கில் இருந்த உதவி ஆசிரியர் பழைய கதைகளைப் பேசிக்கொண்டிருந்தார். அந்த ரோபோ அம்மாவை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். செய்தி வந்ததற்கு மறுநாள் அவர் டெஸ்க்குக்குப் போன் செய்தாராம். நிருபர் திருத்தம் ஏதும் சொன்னாரா என்று விசாரித்தாராம். "நீ ஒண்ணும் சொல்லலையேப்பா, அதான் இல்லைன்னு சொன்னேன். அவரே சொல்லட்டும், நான் கேட்டது அவருக்குத் தெரிய வேணாம்னுச்சு அந்தம்மா. நானும் மறந்துட்டேன்."

கீரமங்கலம் போவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். காரில் கேட்டபோது தெரியும். காரிய வீட்டு வாசலில் கேட்டபோதும் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து அவர் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். திருத்தம் கேட்காததையும் பொய் சொன்னதையும் சொன்னேன்.

"தெரியும் சார்" என்றார். பிறகு, "பஞ்சவர்ணம் அக்காகிட்ட சொன்னீங்களா?"

இல்லை என்றேன்.

"அவங்ககிட்ட சொல்லணும் சார். அவரு போனது என் மிசினாலன்னு நெனச்சுக்கிட்டிருப்பாங்க, இல்ல புருசனோட பிடிவாதத்தாலன்னு நெனச்சுக்கிட்டிருப்பாங்க. நடுவுல நடந்தது அவங்களுக்கு வந்து சேரல."

பஞ்சவர்ணம் இப்போது கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் சம்பங்கியைத் தரம் பிரிக்கும் வேலை செய்கிறார். காலை பத்து மணிக்குப் போனேன். கூட்டம் வடிந்திருந்தது. என்னை அடையாளம் கண்டு, ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து உட்காரச் சொன்னார். மேடம் நன்றாக இருக்கிறாரா என்று கேட்டார். நான் தொடங்குவதற்கு முன்பே அவர் பேசிவிட்டார்.

"கால் வெரல எடுக்கணும்னு சொன்னதுலருந்து மனுசனுக்குச் சோறு எறங்கல சார். செவத்தப் பாத்துக்கிட்டே கெடப்பாரு. பேப்பரப் பாத்த அன்னைக்குத்தான் கறி எடுத்தாரச் சொன்னாரு. அந்தக் காயில மடியில வச்சுக் கட்டிக்கிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டு... கலியாணம் ஆனதுலருந்து அப்புடி நான் பாத்ததில்ல. பன்னெண்டு நாளு. ஒங்க பேப்பரு குடுத்தது சார் அது."

அப்போதே எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. ஒன்பதாவது பத்தி இருந்தது, அது வெட்டப்பட்டது, திருத்தம் போடச் சொல்லி மேடம் கேட்டார், நான் செய்யவில்லை, செய்ததாகப் பொய் சொன்னேன். செய்தி சொல்வதுபோல வரிசையாகச் சொன்னேன்.

அவர் கை பூவைப் பிரித்துக்கொண்டேதான் இருந்தது.

"அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

மனப்பாடமாகத் தெரிந்ததைச் சொன்னேன்.

"அதப் படிச்சிருந்தா போயிருப்பாரு" என்றார். கேள்வி இல்லை. மொட்டுகளை ஒரு பக்கமும் விரிந்ததை ஒரு பக்கமும் ஒதுக்கினார். கொஞ்ச நேரம் கழித்துக் கை நின்றது.

"இத ஏன் சார் எங்கிட்ட வந்து சொன்னீங்க? எங்கிட்ட அந்தப் பன்னெண்டு நாளுதான் இருந்துச்சு."

புதுக்கோட்டைக்கு வந்து சேர்ந்ததும் மேடத்துக்குப் போன் செய்தேன். சொல்லிவிட்டேன் என்றேன். அக்கா என்ன சொன்னார்கள் என்று கேட்டார். கறி எடுத்ததிலிருந்து, பாட்டுப் பாடியதிலிருந்து, கடைசியில் கேட்ட கேள்விவரை பஞ்சவர்ணம் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் சொன்னேன்.

அவரிடம் எப்போதும் அடுத்த கேள்வி ஒன்று இருக்கும். காத்திருந்தேன். அவர் மூச்சுவிடுவது கேட்டது. போனை அவர் வைக்கவில்லை. வெகுநேரம் கழித்து நான்தான் வைத்தேன்.